கருணை மையம் கொண்டது

"அழுங்க அண்ணி. வீடு போயிடுச்சுன்னு நெனைச்சுக்கங்க."

"எங்கடி போச்சு? பின்னாலதானே நிக்குது," என்றாள் செண்பகம், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.

தையல்நாயகி தும்பிக்கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். கட்டைவிரல் பருமனில் பறக்கும் படக்கருவி அது. அழுகிற முகம் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துத் தானாகவே நெருங்கிவிடும். அண்ணியின் முகத்தில் அதற்கு இதுவரை வேலையில்லை. புன்னைத்திட்டின் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. 'தாழை' புயல் அந்தமான் பக்கம் எங்கோ அப்போதுதான் கண் விழித்திருந்தது.

"சரி, படகை நெனைங்க. அண்ணன் உங்க நகையை வச்சு வாங்குச்சே, அந்தப் படகு. கடல்ல அடிச்சிட்டுப் போகுது."

செண்பகம் நினைத்தாள். உதடு துடித்தது. தும்பி பாய்ந்து வந்து கன்னத்தருகே நின்றது.

அவ்வளவுதான். அன்று மாலையே அந்தக் கண்ணீர் 'ஈரநெஞ்சம்' செயலியில் ஏறிவிட்டது.

புயல் அடித்த பிறகு உதவுவதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம். இடிந்த வீட்டைப் பார்க்க யாருக்கும் இஷ்டமில்லை. சாப்பிடும்போது கண்ணில் பட்டால் சோறு இறங்குவதில்லை. இடியப்போகிற வீடு என்றால் கதையே வேறு. நல்ல வெளிச்சம், களையான முகம், பின்னணியில் அலை. இதற்கு முன்னிரக்கம் என்று பெயர் வைத்து ஈரநெஞ்சம் கடை திறந்தபோது, ஊரே வரிசையில் வந்து நின்றது.

சும்மா வரவில்லை. பணம் அனுப்பியவர் வீட்டு வாசலில் இரக்கவிளக்கு எரியும். கொஞ்சம் கொடுத்தால் வெள்ளை, கூடக் கொடுத்தால் பச்சை, அள்ளிக் கொடுத்தால் பொன்னிறம். சென்னை அடுக்ககங்களில் எதிர்வீட்டு விளக்கு என்ன நிறம் என்று பார்க்காமல் எவரும் படுக்கப் போவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் நிலைப்படிக்கு மேலேதான் பார்த்தார்கள்.

அந்த விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவதுதான் தையல்நாயகியின் உத்தியோகம். கரையோர ஊர்களில் கண்ணீர் எடுத்துத் தருவாள். கொடுக்கிறவர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் எத்தனையோ ஊருக்குச் செய்தாயிற்று, சொந்த ஊருக்கு ஒருமுறை செய்வோமே என்று இந்தத் தடவை புன்னைத்திட்டுக்கு வந்திருந்தாள். பணம் மழையாகப் பொழிந்தது.

அவள் சென்னை திரும்பிய மறுநாள் அண்ணன் மதியழகன் கூப்பிட்டான்.

"தையு, புயலு நம்ம பக்கம் திரும்பிடுச்சாம்."

"யாரு சொன்னா? ஆந்திராப் பக்கம்னுதானே சொன்னாங்க?"

"நேத்து வரைக்கும் அப்படித்தான். இப்ப வளிமடையை மாத்தி நம்ம மேல வுட்டுட்டாங்க. ஊரைக் காலி பண்ணச் சொல்லி பஸ்சு வந்து நிக்குது. சனத்தை ஏத்திடுவாங்க. படகை எவன் ஏத்துவான்?"



வளிமடை என்பது கடலில் வரிசையாக மிதக்கும் குளிர்க்கலங்கள். ஆழத்துக் குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே கொட்டும். புயலுக்குச் சூடான நீர்தான் சாப்பாடு. குளிர்ந்த பக்கம் தலைவைக்காது. ஆகவே வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவதுபோல் புயலைத் திருப்பலாம். நிறுத்தத்தான் முடியாது. எங்காவது இறங்கியே தீரும். எங்கே என்பதை மனிதர்களிடம் விட்டால் கை நீளும் என்று 'துலாக்கோல்' என்ற கணிப்பொறியிடம் விட்டிருந்தார்கள். துலாக்கோல் லஞ்சம் வாங்காது. அது எதை நிறுத்துப் பார்க்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

தையல்நாயகி கேட்டாள். ஈரநெஞ்சத்தின் முதலாளி நிவேதனின் அறைக்குள் நேராகப் போய்க் கேட்டாள்.

"ரொம்ப சிம்பிள்," என்றான் நிவேதன். முப்பது வயது, இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரு இடத்துல அடிச்சா எவ்வளவு நஷ்டம் வரும்னு பாக்கும். அந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிற நிவாரணத்தைக் கழிக்கும். மிச்சம் எங்க கம்மியோ, அங்க அனுப்பும்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப எங்க ஊரு..."

"உங்க ஊருல மிச்சமே இல்ல, லாபம்தான். குடிசையும் படகும் என்ன பெரிய விலை? நீங்க எடுத்த வீடியோவுக்கு வந்த பணம் அதைவிட ஜாஸ்தி. புயல் அடிச்சா புன்னைத்திட்டு முன்னைவிட வசதியான ஊராயிடும். இதுல என்ன வருத்தம்?"

"கிணத்துல உப்பு ஏறுனா அப்புறம் அங்க யாரு சார் இருக்க முடியும்?"

"கிணத்துக்கும் விலை போட்டிருக்கு."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கொடுக்கிறவங்களுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க, பாவம்."

கொடுத்த பணத்தைப் புயல் கரை கடக்கும்வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று செயலியில் ஒரு வசதி இருந்தது. யாரும் தொட்டதில்லை. தையல்நாயகி நேரலையில் வந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"புன்னைத்திட்டுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கங்க. நீங்க கொடுக்கக் கொடுக்கத்தான் புயல் அங்க போகுது. கை கூப்பிக் கேக்கறேன், கொடுக்காதீங்க."

பதில்கள் திரையில் வழிந்தன. 'வேண்டாம் என்று சொல்கிறார்கள் பாருங்கள், இதுதான் தன்மானம். நான் இரண்டு மடங்கு அனுப்புகிறேன்.' 'நம்ம காசு ராசியில்லைன்னு நம்புறாங்க போல. படிப்பறிவு இல்லாத ஜனங்க. அந்த ஊர் ஸ்கூலுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கேன்.' 'கண் கலங்கிவிட்டது.'

அவளுக்குப் பொறுமை போயிற்று. "உங்க விளக்குல இடி விழ," என்றாள்.

'எவ்வளவு வலி இருந்தால் இப்படிப் பேசுவார்!' என்று அதற்கும் அனுப்பினார்கள்.

அதிகமாகக் கொடுத்தவர்களின் பெயர்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரே பாட்டு. முதலிடத்தில் இருந்தவர் வனஜா. கிழக்குக் கடற்கரைச் சாலையில், அலை தொடும் தூரத்தில் நிற்கும் 'பொன்னலை' அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். திரையில் முகம் காட்டிப் பேசினார்.

"திருப்பி எடுத்துக்கோன்னா எப்படிம்மா? எங்க பிளாக் முழுக்க கோல்டு எரியறது. பக்கத்து பில்டிங்காரா இன்னும் பச்சையிலேயே நிக்கறா. இப்போ அணைஞ்சா என்ன நினைப்பா?"

"எங்க ஊரு போயிடும்மா."

"போனா இன்னும் கொடுப்போம்," என்றார் வனஜா, பெருந்தன்மையாக. பின்னால் ஏதோ சிணுங்கியது. குட்டையாக, பஞ்சு உருண்டை மாதிரி ஒரு நாய். "பாரு, புயல்னு நியூஸ்ல கேட்டதுலேர்ந்து ஜிம்பா பிஸ்கட்டே தொடலை. வாயில்லா ஜீவன். அதுக்குத் தெரியறது."

தையல்நாயகி நாயைப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்தது. ஈரமான, அகலமான கண்கள்.

"மேடம்," என்றாள் மெதுவாக, "உங்களையும் ஒரு வீடியோ எடுக்கட்டுமா? புயல்னா எல்லாருக்கும் பயம்தானே. அடுக்ககத்துல இருக்கிறவங்க கஷ்டத்தை யாரும் காட்டுறதே இல்ல."

"அதைச் சொல்லு," என்ற வனஜா, புடவை மாற்றிக்கொள்ள எழுந்துவிட்டார்.

ஒன்பதாம் மாடி வரவேற்பறையில் படம் எடுத்தாள். மின்தூக்கி நின்றுவிட்டால் ஜிம்பா எப்படிக் கீழே இறங்கும் என்று வனஜா கேட்டார். கேட்டபோது குரல் நிஜமாகவே உடைந்தது. தும்பி நாய்க்கும் எசமானிக்கும் நடுவில் எங்கே போவது என்று தெரியாமல் அல்லாடியது.

செண்பகத்தின் கண்ணீருக்கு வந்தது மழை என்றால், ஜிம்பாவுக்கு வந்தது வெள்ளம். தன்னைப் போலவே ஒருவர், தன் வீட்டைப் போலவே ஒரு வீடு, தன் நாயைப் போலவே ஒரு நாய். இரக்கப்பட இதைவிடச் சௌகரியமான இடம் ஏது? பொன்னலைக்குக் காப்பீடு ஏற்கெனவே கழுத்துவரை இருந்தது. துலாக்கோல் அதையும் நிவாரணக் கணக்கில்தான் சேர்க்கும். மேலே கொஞ்சம் ஊற்றியதும் துலாக்கோலின் முள் சாய்ந்துவிட்டது.

புயல் வடக்கே திரும்பியது.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன், கேட்டுட்டா," என்றான் மதியழகன் தொலைபேசியில். தையல்நாயகி அந்தப் பெருமையை மாதாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். மனசாட்சி ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிஸ்கட்டைக் காட்டி விரட்டினாள்.

பொன்னலைக்காரர்களை ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குப் புயல் போகும்போது மூடநம்பிக்கையாகத் தெரிந்த விஷயம், தங்கள் வீட்டுக்கு வரும்போது நொடியில் அறிவியலாகிவிட்டது. கொடுக்காதீர்கள் என்று நேரலையில் கெஞ்சினார்கள். 'ஜிம்பாவுக்காக' என்று இன்னும் வந்தது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அந்தப் பெண் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் போயிற்று. மொத்த அடுக்ககமும் கூடி, வைப்புநிதியை உடைத்து, புன்னைத்திட்டுக்கு அனுப்பியது.

புயல் தெற்கே திரும்பியது.

புன்னைத்திட்டில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தையல்நாயகி தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது மதியழகன் நம்பவில்லை.

"அவங்களுக்கு நாம பணம் குடுக்கணுமா? நாய்க்காடி?"

"நாய்க்குத்தாண்ணே. சீக்கிரம் அனுப்பு."

ஊருக்கு வந்த நிவாரணம் புயல் கரை கடந்தால்தான் கைக்கு வரும். அதனால் தாலிக்கொடி நீங்கலாக எல்லாம் அடகுக்கடைக்குப் போயிற்று. மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்று ஊர் சேர்த்து வைத்திருந்த பணமும் போயிற்று. புயல் மறுபடி வடக்கே திரும்பியது. அதற்குள் ரகசியம் கரை முழுக்கக் கசிந்துவிட்டது. கடலூர் காரைக்காலுக்குக் கொடுத்தது. காரைக்கால் கடலூருக்கே திருப்பிக் கொடுத்தது. அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான், தம்பி வேறு ஊரில் இருந்தால். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி வாரி வழங்கியதை அந்தக் கடற்கரை அதற்குமுன் கண்டதில்லை. 'மனிதம் சாகவில்லை' என்று ஈரநெஞ்சம் தன் முகப்பில் எழுதிப் போட்டது. நிவேதன் அதை நிஜமாகவே நம்பத் தொடங்கியிருந்தான்.

ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்திருந்தார்கள். புயல் கரையேறினால் பட்டினியில் செத்துப்போகும். கடலில் இருக்கும்வரை தின்றுகொண்டே இருக்கும். வடக்கே, தெற்கே, மறுபடி வடக்கே என்று தயாள குணம் அதை அலைக்கழித்த அத்தனை நாளும் 'தாழை' வெந்நீரைக் குடித்துக் கொழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் குளிர்க்கலங்களையே வாரி விழுங்கியது. அதன்பிறகு துலாக்கோல் சொன்னதை அது கேட்கவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. சென்னையிலிருந்து வேதாரண்யம்வரை மொத்தமாக வந்து இறங்கியது.

பொன்னலையின் கீழ்த்தளங்கள் கடலுக்குள் போயின. வனஜாவையும் ஜிம்பாவையும் மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். புன்னைத்திட்டில் இறக்குவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. வீடு இருந்த இடத்தில் மணல். கிணறு இருந்த இடத்தில் உப்பு. படகின் ஒரு பலகை மட்டும் முள்வேலியில் மாட்டிக் கிடந்தது.

ஊர் மொத்தமும் திருவாரூரில் ஒரு கல்லூரி வகுப்பறையில் படுத்திருந்தது. தையல்நாயகி பேருந்து பிடித்து வந்து சேர்ந்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் பைக்குள் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரநெஞ்சம்தான்.

"யாரு?" என்றான் மதியழகன்.

"ஜனங்கதாண்ணே. கோயமுத்தூரு, சேலம், டெல்லி. நம்ம ஊருக்குப் பணம் அனுப்புறாங்க."

"நல்ல மனுசங்களா இருக்காங்களே," என்றான் அவன். அப்புறம் ஏதோ உறைத்து நிமிர்ந்தான். "அந்தமான் பக்கம் இன்னொண்ணு உருவாகுதுன்னு ரேடியோவுல சொன்னாங்களே தையு. கலமெல்லாம் புதுசா வுட்டிருக்காங்களாம்."

அவள் தலையசைத்தாள். இடிக்க எதுவுமே இல்லாத ஊர். நஷ்டம் சுத்தமாகப் பூஜ்யம். நிவாரணமோ வந்து குவிகிறது. துலாக்கோலுக்கு இந்தக் கரையில் இதைவிட லாபமான இடம் கிடைக்கப்போவதில்லை. வீடு கட்டினால்தான் நஷ்டம் ஏறும். புயல் நின்றால்தான் வீடு கட்டலாம்.

"சொல்லு, வேணாம்னு சொல்லு அவங்ககிட்ட."

"சொன்னா ஜாஸ்தி குடுப்பாங்க அண்ணே."

"திட்டு."

"திட்டிப் பாத்துட்டேன்."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை குரல் செய்தி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர். கடல் எப்படி இருக்கும் என்று சினிமாவில் மட்டும் பார்த்த, நிஜமாகவே நெஞ்சு நெகிழ்ந்த குரல்.

"புன்னைத்திட்டுக்காரங்களுக்கு வணக்கமுங்க. ஒருவாட்டி குடுத்துட்டு மறந்து போறவங்க நாங்க இல்லீங்க. எங்க தெருவே சேர்ந்து, மாசாமாசம் தானாப் போய்ச் சேர்ற மாதிரி பேங்குல எழுதிக் குடுத்துட்டமுங்க. இனி உங்களுக்கு ஆயுசுக்கும் நிக்காதுங்க."