பள்ளத்தின் நடுவே

பேசி முடித்துப் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "சரி அத்தான்."

கட்டுப்பாட்டு அதிகாரி முகம் சுளித்தார். மைத்துனன் இறங்கியிருக்கும் பனி நிலாவுக்குப் பூமியிலிருந்து பேச்சு போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம், பதில் வர இன்னொரு ஒன்றரை. பழைய பதிவு ஏதோ தவறி ஒலித்திருக்கும். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தடியர்களோ கூட்டமாக மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

மைத்துனன் மேல் அவருக்கு என்றைக்குமே மதிப்பில்லை. அக்கா தயவில் விண்கலம் ஏறிய அசடு என்று அவன் காதுபடவே சொல்வார். அவனை உயிரோடு கூட்டிவந்துவிடுங்கள் என்று மனைவி கெஞ்சியபோதும் சிரித்தவர்தான். விண்கல் மோதிய பெரும்பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, நடுவில் பனி உப்பி வருகிறது, பயமாக இருக்கிறது, கலத்துக்குத் திரும்பட்டுமா என்று அவன் கேட்டிருந்தான். அவன் அனுப்பிய படத்திலும் மேடுதான் தெரிந்தது. படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து விழுந்தால் பள்ளம் மேடாகத் தெரியும், படத்தைத் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். இந்தத் தொழிலில் பொடிசுகளுக்கும் தெரிந்த சங்கதி. திருப்பினார். பள்ளமானது. நேரில் நிற்பவனுடைய கண்ணைவிடத் தன் திரையைத்தான் அந்த மேதாவி நம்பினார்.

"உளறாதடா, அது பள்ளந்தான். நேரா நடுவுல போய் நில்லு" என்று உத்தரவு போட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

ஒலிபெருக்கிக்குள் ஏதோ மெல்ல நெரிபட்டது, குளிர்ந்த தண்ணீரில் பனிக்கட்டி விரிசல் விடுவதுபோல. ஈரக்கல்லின் வாடை. அரைக்கைச் சட்டைக்கு வெளியே கை ரோமங்கள் குத்திட்டன.

"யாரு பேசுறது?"

"நான்தான் அத்தான்." உடனே. அவனுடைய குரல்தான். ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை.

பொத்தானை மறுபடி அழுத்தினார். "போகாதடா. திரும்பி வந்துடு."

இந்த முறை அவருடைய குரலே, அதே எகத்தாளத்தோடு அவருக்குப் பதில் சொன்னது.

"அவனை நான் பாத்துக்கறேன்."

புதிய படம் திரையில் வரிவரியாக இறங்கியது. மூலையில் பதிந்திருந்த, படம் எடுத்த நேரமும் சுவர்க் கடிகார நேரமும் ஒன்று. மேடு. திருப்பினார். மேடு. மறுபடியும். மேடு.

விளிம்பைத் தாண்டி மைத்துனன் இறங்கிவிட்டிருந்தான். தலைக்கவசக் கண்ணாடிக்குள் முகம் நிம்மதியாகச் சிரித்தது. எதிரே, மேட்டின் உச்சியில், கவசமில்லாமல், அதே அரைக்கைச் சட்டையோடு அவனுடைய அத்தான் நின்றிருந்தார். வாடா என்று இரு கைகளையும் நீட்டியிருந்தார்.