கூட்டத்தில் சேராத கைதட்டல்

ராஜபாளையத்தில் நைட் ஷிப்ட் முடித்து, காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, அந்தப் பழைய வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடிபோனேன். கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு டேப்ரிக்கார்டர். வீட்டுக்காரர் ஏசம்மாள் டீச்சர் சாவியைக் கொடுத்தார். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலேஜைப் பாதியில் விட்டு மில்லுக்குப் போனவனுக்குப் பகலில் தூங்க இருட்டு வேண்டும். அங்கே அது நிறைய இருந்தது. ஒரே ஜன்னல், அதையும் ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஒரு கயிற்றுக் கட்டில். சுவரில் ஈரச் சாம்பல் வாடை.

மில்லில் என் பக்கத்து மிஷினில் நின்ற ஞானராஜ் ஒரு கேசட் தந்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அத்தான் கொண்டுவந்தது. வெளிநாட்டு ப்ளூஸ் ராக் கிட்டார்காரன் ஒருவனின் மேடைக் கச்சேரி.

“ஸ்டுடியோவுல பண்ணுனது இல்லலே. கூட்டத்துக்கு நடுவுல வாசிச்சது. தப்பெல்லாம் பண்ணுவான், கேளு. ஞாயித்துக்கெழம தந்துரு, அத்தான் என்னயக் கொன்னுருவாரு.”

தப்புப் பண்ணினான். நடுப்பாட்டில் ஒரு தந்தி அறுந்தது. அவன் நிறுத்தவில்லை. மிச்சத் தந்திகளை வைத்தே மேலே ஏறினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. பிறகு ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோலக் கைதட்டல். மிஷின் இரைச்சலில் செத்துப்போன என் காதுக்கு, எவனோ எனக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டதுபோல் இருந்தது.

திருப்பிக் கொடுக்குமுன் ஒரு காப்பி எடுக்க வேண்டும். இரண்டு டேப்ரிக்கார்டரை இணைக்கும் வயர் கிடையாது. அப்போது எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். இரவல் வாங்கிய இன்னொரு டேப்ரிக்கார்டரை எதிரே வைத்து, கதவைச் சாத்தி, இருமாமல் உட்கார்ந்தேன். அறையில் எது சத்தம் போட்டாலும் அதுவும் பதிவாகிவிடும். எதுவும் சத்தம் போடவில்லை.

காப்பியைப் போட்டுக் கேட்டேன். தூரத்தில் கூட்டத்தின் கைதட்டல். அதோடு, மிகப் பக்கத்தில், இன்னொரு கைதட்டல்.

ஒரே ஒரு ஆள்.

நான் தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் மறுபடி பதிவு செய்தேன். இந்த முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காப்பியில் அந்தக் கைதட்டல் இருந்தது. கூட்டம் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் நீடித்தது.

அதைச் சத்தமாக வைத்துக் கேட்டபோது கதவைத் தட்டினார்கள். டீச்சர். முகத்தில் ரத்தமில்லை.

“அந்தக் கேசட்டக் குடு தம்பி. அடுப்புல போடணும்.”

“எதுக்கு டீச்சர்?”

“குடு. இல்லன்னா இன்னைக்கே காலி பண்ணிரு.” குரல் தாழ்ந்தது. “அந்தக் கையத் தட்டுறது பொன்னுராஜ். எம்மவன். இங்க உக்காந்துதான் கிட்டார் வாசிப்பான். சாத்தான் பாட்டுன்னு அந்தக் கிட்டார வெந்நி அடுப்புல வச்சு எரிச்சேன். பொறவு அவன் பேசல. இந்தக் கட்டில்ல உக்காந்து சும்மா கையத் தட்டிக்கிட்டே இருப்பான். காமாலையில போற வரைக்கும்.”

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“ஒருக்கா எரிச்சீங்கள்ல டீச்சர். பத்தலையா?”

“மரியாதையாப் பேசு.”

“ரூமும் விட மாட்டேன், கேசட்டும் தர மாட்டேன். வேணும்னா உள்ள வந்து கேளுங்க.”

அவர் வாசலைத் தாண்டவில்லை. போகவும் இல்லை.

நான் அசல் கேசட்டைப் போட்டேன். கப்பலில் வந்தது. இந்த அறையின் சத்தம் அதில் பதிவாகியிருக்க வழியே இல்லை.

தந்தி அறுந்தது. கிட்டார்காரன் மேலே ஏறினான். கூட்டம் வெடித்தது.

கட்டிலின் கயிறு முறுக்கிக்கொண்டு தாழ்ந்தது.

யாரும் இல்லை.

பிறகு கைதட்டல். கூட்டத்தோடு சேராமல், நிதானமாக, உலர்ந்த உள்ளங்கைகளால்.

“நிறுத்து,” என்று டீச்சர் கிசுகிசுத்தார். “நிறுத்திரு தம்பி.”

பொத்தானை அழுத்தினேன். கூட்டம் அடங்கியது.

கட்டில் அடங்கவில்லை.

“ஏலே பொன்னு, போதும்லே,” என்றார் டீச்சர்.

தட்டல் வேகமெடுத்தது.

நான் கேசட்டை வெளியே எடுத்து, அவனுக்காக மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.