சென்றடைய முடியாத காட்சி

எங்கள் நகரத்தில் பொருத்தம் பார்ப்பது பெண் வீட்டார் வேலை. இரு வீட்டுக் குணப்பதிவுகளையும் சேர்த்துப் பதிவகம் ஒரு காட்சிப் புதினத்தை அனுப்பிவிடும். கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை முழுக்கப் படமும் வசனமுமாக, கிளை கிளையாக இருக்கும். அதில் குறை இல்லை என்று ‘ஆய்வி’ என்னும் சோதனை நிரல் சொன்னால்தான் மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றுவார்கள்.

ஆய்வியில் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். அப்பாவுக்கு அது வராது. ஆகவே என் கல்யாணத்துக்கு நானே ஜோசியர்.

“கையேட்டப் பாத்து நிதானமா அடி, நறுமுகை,” என்றார் அப்பா.

‘ஆய்வி தொடங்கு’ என்று அடித்தேன். கோப்புறையைக் கேட்டது, காட்டினேன். ‘ஆய்வி கிளைகள்’ என்று அடித்தேன். எல்லா முடிவுகளும் சுபம். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் மட்டும் ஒரு மஞ்சள் வரி: ‘எச்சரிக்கை. கடலடி நிலையம்: சென்றடைய முடியாத காட்சி.’

கதையில் அந்தக் காட்சி இருந்தது, எந்தக் கிளையும் அங்கே போய்ச் சேரவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளம் வளர்க்கும் நிலையம் அது. போன மாதம்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. ‘ஆய்வி ஏன்’ என்று அடித்தேன்.

‘மணமகன் கோப்பு. மனைவிக்காக ஊர் மாறுவார்: இல்லை. தீர்வு: இவ்வரியை மாற்றுக, அல்லது காட்சியை நீக்குக.’

“ஒரே வரிப்பா. அவங்ககிட்ட மாத்தச் சொன்னா போதும்.”

“மாப்பிள்ள வீட்டு ஃபைல்ல நாம கைவைக்கிறதா? நல்லாருக்கே கத. அந்தக் காட்சியத் தூக்கிடு.”

“தூக்கிட்டா பர்மிட் கிடைக்காதுப்பா.”

பதிவான கதையில் இல்லாத எதற்கும் நகரம் அனுமதி தராது. வேலைக்கும் அப்படித்தான், பயணத்துக்கும் அப்படித்தான். அப்பாவுக்குத் தெரியாததல்ல.

“கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாம்,” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

“எனக்கும் ஒன்னு மஞ்சளா வந்துச்சு,” என்றாள் அம்மா.

“என்ன காட்சிம்மா?”

“ஞாபகம் இல்லடி. தூக்கியாச்சுல்ல.”

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை.

நீக்கும் கட்டளையை அவரே எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். ‘நீக்கவா? மணமகள் மட்டும் விடையளிக்கலாம்’ என்றது ஆய்வி. விசைப்பலகையை இழுத்து ‘இல்லை’ என்று அடித்தேன். அப்பா எழுந்து போய், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் மறுபடி அதே கேள்வி. கையேட்டைப் புரட்டினேன். மணமகள் ‘ஆம்’ என்னும்வரை கேள்வி திரும்ப வரும் என்று அதிலேயே போட்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு அறிக்கை போய்விட்டது. குறை ஏதும் இல்லை, மணமகளின் முழுச் சம்மதத்துடன்.