பதினெட்டுத் திருகாணிகள்

நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த முட்டை அட்டையைக் குப்பையில் போட்டேன்.

சித்தியின் பட்டறை எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. உள்ளே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டு பேர்தான் உட்கார முடியும். சித்தி பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட கார் அது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, தொழிற்சாலையை விட்டு வந்த முதல் நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதற்கு மூன்று வருடமாக உழைக்கிறார்.

போன வருடம் நடந்த பழைய கார் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர் எப்போதும் பூதக்கண்ணாடியோடு வருவார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே பூதக்கண்ணாடிதான். கதவில் இருந்த ஒரே ஒரு திருகாணியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"வண்டி பிரமாதம்மா. ஆனா இந்த ஸ்க்ரூ இந்த வண்டிக்குப் பொறந்தது இல்ல."

வீடு வந்ததும் சித்தி முதல் வேலையாக அந்தத் திருகாணியைக் கழற்றினார்.

இந்த வருடம் பாக்கி இருந்தது டேஷ்போர்டு மட்டும். மீட்டர்களும் கடிகாரமும் பொருத்துகிற அந்த நீளத் தகட்டைச் சித்தி கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அதன் பதினெட்டுத் திருகாணிகளும் ஒரு பழைய முட்டை அட்டையில், குழிக்கு ஒன்றாகக் கிடந்தன.

சனிக்கிழமை சித்தி கடைக்குப் போன நேரம் நான் மேசையைச் சுத்தம் செய்தேன். எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். திருகாணிகளைப் பளபளவென்று துடைத்தேன். பத்துத் திருகாணிகளில், தலைக்கு அடியில், பல் வைத்த வாஷர் வளையம் இருந்தது. ஏழில் வழவழப்பான வாஷர். ஒன்று மட்டும் குட்டையாக, வாஷரே இல்லாமல் இருந்தது. மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்துப் பெயரும் எழுதி ஒட்டினேன். அட்டை குப்பை வண்டியில் போனது.

சித்தி வந்ததும் கேட்டார்: "முட்டை அட்டை எங்கடி?"

"ஒரே அழுக்கு சித்தி, போட்டுட்டேன். இதைப் பாருங்க, எல்லாத்தையும் வகை பிரிச்சு..."

சித்தி ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"முதல் ஓட்டையோட ஸ்க்ரூ முதல் குழியில. ரெண்டாவது ரெண்டாவதுல. அப்படி வரிசையா வச்சிருந்தேன். எந்த ஓட்டைக்கு எந்த வகைன்னு இனி எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"முட்டை அட்டைக்குத் தெரியுமேன்னு நான் மறந்துட்டேன்."

மறுநாள் காலை பெயின்டர் வந்து தகட்டை எடுத்துப்போவதாக இருந்தது. பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாக அடிப்பார்.

"சரி விடு," என்றார் சித்தி. "தோராயமா மாட்டிக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் சித்தி வாயிலிருந்து 'தோராயமா' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை ஓவிய வகுப்புக்குப் போனேன். மனம் அங்கே இல்லை. ஆசிரியை எல்லோருக்கும் ஒரு நாணயம் கொடுத்தார். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். நாணயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோயிருந்த எழுத்துகூடக் காகிதத்தில் எழுந்து வந்தது.

பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"என்ன, பாத்ரூமா?" என்றார் ஆசிரியை.

"இல்ல மிஸ், டேஷ்போர்டு!"

வகுப்பே சிரித்தது. மணி அடித்ததும் ஓட்டமாக ஓடினேன்.

தகட்டில் முதல் ஓட்டையின்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்களோடு ஒரு வட்டம் வந்தது, குழந்தை வரைந்த சூரியன் மாதிரி. இத்தனை வருடமாக அங்கே அழுந்தியிருந்த வாஷரின் தடம்! இரண்டாவதில் வழவழப்பான வட்டம், நிலா.

பதினெட்டுக் காகிதங்களுக்கும் எண் போட்டேன். சூரியன் பத்து. நிலா ஏழு. பதினொன்றாம் ஓட்டையில் மட்டும் ஒன்றுமே இல்லை. என் கைதான் சரியில்லையோ? மூன்று தடவை தேய்த்தேன். ஒன்றுமே இல்லை.

சித்தியை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். சித்தி காகிதங்களைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். பிறகு டார்ச்சோடு காருக்குள் தலையை விட்டார்.

"அந்த இடத்துக்கு நேர் பின்னாடி ஒயர் போகுதுடி! நீள ஸ்க்ரூ போட்டா குத்திடும். அதான் குட்டை. அதுல வாஷரும் வச்சா பிடிமானம் பத்தாது." வெளியே வந்த முகத்தில் கரியும் சிரிப்பும். "எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்காங்க பாரு, யாருமே பார்க்காத இடத்துல!"

காலையில் வந்த பெயின்டர் மேசையில் சிதறியிருந்த பென்சில் தூளைப் பார்த்தார். "பெயின்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டுட்டு நீங்களே பென்சில் அடிச்சிட்டீங்களா?"

இரண்டு வாரத்தில் கண்காட்சி வந்தது. பூதக்கண்ணாடி காரைச் சுற்றி வந்தார். கதவைப் பார்த்துத் தலையாட்டினார். டேஷ்போர்டில் ஒவ்வொன்றாக நகர்ந்தவர் பதினொன்றில் நின்றார்.

"எல்லாத்துக்கும் வாஷர் இருக்கு. இதுக்கு மட்டும் காணோமே. மறந்துட்டீங்களாம்மா?"

சித்தி என்னைப் பார்த்தார். ஒருவேளை நான்தான் தப்போ? இருந்தாலும் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினேன்.

"மறக்கல சார். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. பதினொன்னுல தடமே இல்ல. பின்னாடி ஒயர் போகுது."

அவர் பூதக்கண்ணாடியைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தார். முட்டி போட்டுத் தகட்டின் பின்னால் எட்டிப் பார்த்தார். எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"இந்த ஸ்க்ரூ இங்கதான் பொறந்திருக்கு," என்றார்.

பரிசுக் கோப்பை இப்போது பட்டறை அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், அடுத்த காருக்காகச் சித்தி வாங்கிய முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நானே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்:

'இது குப்பை இல்லை.'