நாற்பத்து மூன்றாவது ஸ்லைடு

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை பிறந்த காதல்களிலேயே உயர்ந்த காதல், ஆசனவாய்ப் புற்றுநோய் பற்றிய வகுப்பில், நாற்பத்து மூன்றாவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது பிறந்தது. சிரிக்காதீர்கள். அன்றைக்கு அந்த அரங்கில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அதில் நூற்று முப்பத்தொன்பது பேர் சத்தியம் செய்வார்கள். ஒரே ஒருவன்தான் 'நடக்கவே இல்லை' என்று சாதித்துக்கொண்டிருந்தான். அவன்தான் கதாநாயகன்!

அன்று பெய்த மழையையும் சொல்லிவிடுகிறேன். ஏழு கடல்களையும் மொண்டு வந்து அந்த ஆஸ்பத்திரிக் கூரைமேல் மட்டும் கொட்டியது போல ஒரு மழை. வெளியில் நிறுத்தியிருந்த கார்கள் மிதந்து ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன...

உள்ளே, மேடையில் அவள். கதிர்வீச்சு டாக்டர். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'கேள்விப்பெட்டி' என்று பெயர். வாரா வாரம் வியாழக்கிழமை நர்ஸ்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் வகுப்பெடுப்பாள். இந்த நோயைப் பற்றி வாய்விட்டுக் கேட்கப் படித்தவர்களுக்கே கூச்சம். அதனால் வாசலில் ஒரு செருப்புப் பெட்டியை வைத்து, மூடியில் ஓட்டை போட்டிருந்தாள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். கடைசியில் எல்லாவற்றையும் உரக்கப் படித்துப் பதில் சொல்வாள். சீட்டைப் பிரிக்கும்போது அவள் கண்கள் அப்படியே விரியும்... பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும் குழந்தைக்குக்கூட அவ்வளவு ஆவல் இருக்காது.

கதவு தடாலென்று திறந்தது. தொப்பலாக நனைந்த நெட்டையான ஒருவன் உள்ளே வந்து குடையை உதறினான். முதல் மூன்று வரிசைக்கும் மழை. மேடையில் இருந்த அவள் குறிப்புகளுக்கும் மழை!

"ஸாரி..." என்றான்.

"பரவால்ல. வெளியில பெய்யுறது போதலைன்னு கொஞ்சம் உள்ள எடுத்துட்டு வந்தீங்களா?"

அரங்கம் சிரித்தது. அவன் கடைசி வரிசையில் போய் ஒடுங்கினான். அறுவைச் சிகிச்சை டாக்டர். எதற்கெடுத்தாலும் 'அறுத்துடலாம்' என்பவன் என்பதால் 'கத்தி' என்று பட்டப்பெயர்.

நாற்பத்து மூன்றாவது ஸ்லைடு வந்தது. அதில் ஒரே வரி: 'முதலில் கத்தி வேண்டாம்.'

கடைசி வரிசையிலிருந்து ஒரு ஈரக் கை உயர்ந்தது. "மேடம், கத்தியே வேண்டாம்னா நாங்கல்லாம் வீட்டுக்குப் போயிடலாமா?"

"வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம் டாக்டர். கத்தியை வெச்சுட்டு முதல்ல விரலை எடுங்க. ரத்தம் போகுதுன்னு ஒருத்தர் வந்தா, கையுறை போட்டுத் தொட்டுப் பார்க்க ரெண்டு நிமிஷம். அதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு 'மூலம்தான், களிம்பு போடுங்க'ன்னு அனுப்பிடறோம். கூச்சம் நமக்கு... நோய் அவங்களுக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உயர்ந்த ஈரக் கை இறங்கியது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். ப்ரொஜெக்டர் இரண்டு முறை அணைந்து எரிந்தது. மின்தடை என்றார்கள். மின்தடையாம்!

வகுப்பு முடிந்து பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சீட்டு மட்டும் ஈரமாக இருந்தது. கோழி கிளறியது போன்ற கையெழுத்து. படித்தாள்.

"'நெருங்கிய சொந்தக்காரர். ரத்தம் போகிறது என்று போனில் சொன்னார். மூலம் என்று சொல்லி எட்டு மாதம் களிம்பு கொடுத்தேன். சொந்தக்காரர் என்பதால் கூச்சம், பார்க்கவே இல்லை. போன வாரம் பார்த்தேன். கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய். எழுதியவன் என்ன செய்ய வேண்டும்?'"

எந்தச் சீட்டு ஈரமாக இருக்கும் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. ஆனால் அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதினவர் நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிட்டு வரணும்," என்றாள் மெதுவாக. "திட்டு அப்புறம். வைத்தியம் முதல்ல."

மறுநாள் எட்டே முக்காலுக்கே இரண்டு பேர் அவள் அறை வாசலில். ஒருவன் கத்தி. இன்னொருவர் அவன் தாய்மாமா. முப்பத்தொரு வருஷமாகத் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். தாயில்லாத கத்தியைத் தோளில் போட்டு வளர்த்து, டாக்டருக்குப் படிக்க வைத்தவர் அவர்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அறுத்துட்டு, மலம் போறதுக்கு வயித்துல பை வெச்சுடுவாங்கன்னு இவன் சொல்றான். கண்டிப்பா வெக்கணுமா?"

"பை வெச்சுக்கிட்டு நல்லா வாழறவங்க நிறைய பேர் இருக்காங்க. தேவைப்பட்டா வெப்போம், உயிரைக் காப்பாத்தும். ஆனா நீங்க கொண்டு வந்த ஸ்கேன்படி உங்களுக்கு வேற எங்கேயும் பரவல. இந்த வகைக் கட்டி பெரும்பாலும் ரேடியேஷனுக்கும் கீமோ மருந்துக்கும் கரைஞ்சுடும். ரெண்டும் சேர்த்து அஞ்சரை வாரம். தோல் எரியும், வலிக்கும், கோபம் வரும். அந்தக் கோபத்தை உங்க மருமகன்கிட்ட காட்டலாம்."

"அதுக்குத்தானே இவனை வளர்த்தேன்!"

கத்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது அவன் கண் ஓரம் ஈரம். 'நேத்துத்தான் மழை... இன்னிக்கு ஏன் இந்தக் கண்ணு நனைஞ்சிருக்கு?' என்று அவள் மனம் கேட்டது. அதட்டினாள். அது அடங்கவில்லை. கேள்வி கேட்பதே பிழைப்பாகப் போன மனம்!

அஞ்சரை வாரமும் மாமா வந்தார். உட்கார முடியாமல் நின்றுகொண்டே நர்ஸ்களுக்கு ஊர்க்கதை சொன்னார். வலி உச்சத்துக்குப் போன நாளில் மட்டும் பேச்சு நின்றது. அன்றைக்குக் கத்தி வெந்நீர்த் தொட்டியை நிரப்பி, மாமாவை இடுப்புக் குளியலுக்கு உட்கார வைத்து, வெளியே சுவரில் சாய்ந்து நின்றதை அவள் பார்த்தாள்.

வியாழக்கிழமை தவறாமல் அவனும் வகுப்புக்கு வந்தான். பெட்டியில் கோழிக் கையெழுத்தும் தவறாமல் வந்தது. முதலில், 'தோல் எரிச்சலுக்கு எந்தக் களிம்பு?' பிறகு, 'பரவிய நோய்க்குப் புதிய மருந்துகள் உண்டா?' நாலாவது வாரம், 'வகுப்பெடுக்கும் டாக்டர் மதியம் சாப்பிட்டாரா?'

அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் படித்தாள். "பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வி. பதில்... இல்லை, சாப்பிடல." நூற்று முப்பத்தொன்பது தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. திரும்பிய வேகத்தில் காற்றாடியே நின்றுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வியாழன் பெட்டி பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம். சீட்டு இல்லை.

மாமா சும்மா இருப்பாரா? "டேய் மாப்ளே, முதல் நாள் வகுப்புலயே நீ விழுந்துட்டே. ஒத்துக்கடா!"

"ஆசனவாய் வகுப்புல யாராவது காதல்ல விழுவாங்களா மாமா? நடக்காத காரியம். அப்படி எதுவும் நடக்கல."

திரைக்கு அந்தப் பக்கம் ஊசி மருந்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவள் காதில் இது விழுந்தது. பதினேழு என்று எண்ணி முடித்ததை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். 'நடக்கலையாமே... சரி, நடக்கல. எனக்கென்ன வந்தது?' என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிகிச்சை தொடங்கிப் பதினோராவது வாரம். மாமாவைப் பரிசோதித்தாள். கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் பட்டாணி அளவுக்கு ஒரு மிச்சம் இருந்தது.

"அறுத்துடலாம்," என்றான் கத்தி.

"வேண்டாம். சுருங்கிக்கிட்டேதான் இருக்கு. இந்தக் கட்டி மெதுவாத்தான் கரையும். தொடங்கின நாள்லேர்ந்து இருபத்தாறு வாரம் வரைக்கும் டைம் குடுக்கணும். அவசரப்பட்டு இப்ப அறுத்தா, தானாப் போகப்போறதுக்காக ஆயுசுக்கும் பை."

"போகலைன்னா? பரவிடுச்சுன்னா? ஒரு தடவை எட்டு மாசம் சும்மா இருந்தேன் மேடம். இன்னொரு தடவை என்னால சும்மா இருக்க முடியாது!"

அவள் கையுறையைக் கழற்றினாள். பிறகு, "அப்போ பார்க்காம இருந்தீங்க. இப்போ பார்த்துக்கிட்டே இருக்கப் போறோம். ரெண்டும் ஒண்ணு இல்ல. வளர்ந்தா, நானே உங்க கையில கத்தியை எடுத்துக் குடுப்பேன்."

"உங்களுக்கு இது ஸ்லைடு. எனக்கு மாமா."

சுருக்கென்று தைத்தது. அவள் முகம் இறுகியது. "அவர் என் பேஷன்ட். முடிவு அவரோடது. உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

மாமா கட்டிலிலிருந்து கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. டேய், டாக்டரம்மா கையில ஸ்டியரிங் குடுத்துட்டேன். பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு இல்லாத பிரேக்கை மிதிக்காதே."

கத்தி எழுந்து போனான். அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து, முப்பது சீட்டில் கோழிக் கையெழுத்தைத் தேடினாள்... ஒரு தடவை அடியைத் தட்டிக்கூடப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டு அவன் வரட்டும் என்று அவளுக்கு வீம்பு. எந்த முகத்தோடு போவது என்று அவனுக்குத் தயக்கம்.

பதினெட்டாவது வாரம், மிச்சம் ஒரு மிளகளவு. மாமா மட்டும் வந்திருந்தார். "அவன் கீழ வண்டியில உக்காந்திருக்கான். ஸ்கேன் படத்தை மட்டும் கொண்டு வரச் சொன்னான்," என்றார் கண்ணைச் சிமிட்டி. அவள் ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்து, நாலு தடவை போனாள்.

இருபத்தாறாவது வாரம்.

அன்று மாமாவின் பின்னால் கத்தியும் வந்து, கதவோரம் நின்றான். அவள் கையுறை மாட்டினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டு யுகமாக நீண்டு, இடையில் கடிகாரம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தது.

"ஒண்ணுமே இல்ல," என்றாள். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டினாள். அதிலும் ஒன்றும் இல்லை. "இனிமே அப்பப்ப வந்து காட்டிட்டே இருக்கணும். ஆனா இன்னிக்கு... ஒண்ணுமே இல்ல."

கத்தி படத்தையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வயதுப் பையன் மாதிரி அழுதான்.

"எழுந்திருடா. வியாழக்கிழமை வகுப்புல நான் பேசப்போறேன். என் கதையை நானே சொன்னாத்தான் இவங்க கூச்சம் போகும். நீயும் வர்றே."

வியாழன் வந்தது. அதே மழை, ஏழு கடலும் மறுபடி! மாமா மேடையேறி, எட்டு மாதக் களிம்பிலிருந்து இருபத்தாறாவது வாரம் வரை ஒன்று விடாமல் சொன்னார். "அம்மாக்களே, ஐயாக்களே, வெக்கப்படாம பாருங்க. நான் வெக்கப்படாம காட்டறேன்ல?" நர்ஸ்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சீட்டில், பேருந்தின் பெயர்ப்பலகை போலக் கொட்டை எழுத்துகள். படிக்கத் தொடங்கிய பிறகுதான் மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

"'இந்த... இந்த அறையில் முதல் நாளே ரெண்டு பேர் காதலில் விழுந்தார்கள் என்று நான் சொல்கிறேன். என் மருமகன் நம்ப மாட்டேன் என்கிறான். நடந்ததா, இல்லையா?'"

அவள் சீட்டை நான்காக மடித்தாள். கன்னத்தில் செம்மை ஏறியது. அந்த வெளிச்சத்தில் கடைசி வரிசையில் குறிப்பே எடுக்கலாம்.

"கேள்வி வந்தா பதில் சொல்லணும்ங்கறது இந்த வகுப்போட வழக்கம்," என்றாள். "என் பங்குக்கு... ஆமா. நடந்துச்சு. நம்பாதவர் ஒருத்தர் இருக்கார். அவர் சொல்லட்டும்."

கடைசி வரிசையில் அவன் எழுந்தான். இன்றும் தொப்பலாக நனைந்திருந்தான்.

"மேடம்... கத்தி இல்லாம அந்தக் கட்டி கரையும்னு சொன்னப்ப நான் நம்பல. கரைஞ்சுது. அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினதுக்கு மன்னிப்பும் கேக்கணும்."

"கேட்டாச்சு. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு டாக்டர்."

மாமா முன் வரிசையிலிருந்து திரும்பி, இரண்டு கையாலும் ஹாரன் அடிப்பது போலச் சைகை காட்டினார்.

அவன் மழையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கடைசியாக அவள் கண்களைப் பார்த்தான்.

"நடந்துச்சு," என்றான். "நாப்பத்து மூணாவது ஸ்லைடுல."