எல்லாத் தறியும் நிற்கட்டும்

"குழலி, எங்க இருக்கே? பேசு."

மஹாலட்சுமி வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டாள். பதிலுக்குக் கரகரப்புதான் வந்தது.

ஏகாம்பரநாதர் கோயில் தேருக்கு வந்த கூட்டத்தில் செல்போன் டவரே திணறிக் கிடந்தது. யாருக்கும் கால் போகவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்துதான், நெசவாளர் தெருக்காரர்கள் மோர்ப் பந்தலுக்கு வாக்கி-டாக்கிகள் கொண்டுவந்திருந்தார்கள்.

"தேர் திரும்பிடுச்சான்னு பாத்து சொல்லு" என்று எட்டு வயதுத் தங்கை ஏலவார்குழலியிடம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது மஹாதான். இருப்பதிலேயே பழைய செட். சார்ஜும் குறைவு.

தேர் திரும்பி, பந்தலைத் தாண்டியும் போய்விட்டது. குழலி வரவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது?

"நம்ம குழலியக் காணோம். பச்சைப் பாவாடை. பாருங்கப்பா" என்று பந்தலில் நின்ற கலியாணசுந்தரம் மாமா தன் செட்டில் சொன்னார்.

உடனே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

"குழலி, மாமா பேசறேன்மா."

"இங்க இல்லப்பா."

"இங்கன்னா எங்க? எடத்த சொல்லுப்பா."

"மோர் தீந்துபோச்சு."

"யோவ், பொண்ண தேடிக்கினு இருக்கோம், உனக்கு மோரா?"

இரண்டு குரல்களுக்கு நடுவே, நூல் இழை போல ஏதோ கேட்டது.

"அக்..."

அதற்குள் ஒரு கட்டைக் குரல் அதை மூடிவிட்டது.

மஹாவுக்குச் சட்டென்று புரிந்தது. குழலி பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தூரத்தில் இருக்கிறாள், செட்டுக்கும் பலம் இல்லை. பக்கத்தில் யார் பொத்தானை அழுத்தினாலும் அவள் குரல் அடியில் போய்விடுகிறது. மஹா கூப்பிட்டபோதும் அப்படித்தான் போயிருக்கும்.

அப்பாவின் தறிக்கூடத்தில் கடைசித் தறியிலிருந்து யாராவது கூப்பிட்டால், மற்றவர்கள் பதிலுக்குக் கத்த மாட்டார்கள். முதலில் தறியை நிறுத்துவார்கள்.

மஹா பொத்தானை அழுத்தினாள். "மஹா பேசறேன். எல்லாரும் தறிய நிறுத்துங்க."

"தறியா? தேர் வீதியில ஏதும்மா..."

"டேய், பட்டன விடுடா" என்றார் மாமா.

அத்தனை பேரும் நெசவாளர்கள். செட் அடங்கிப் போனது.

"அக்கா... கேக்குதா? பொரிக் கடைகிட்ட நிக்கறேன்."

வீதி முழுக்கப் பொரிக் கடைதான். "பக்கத்துல என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு, மஹா உடனே விரலை எடுத்தாள்.

"ராட்டினம். ரோஸ் கலர் குதிர."

"நான் அங்கதான் நிக்கறேன்" என்றது ராமராஜன் அண்ணனின் குரல்.

"நீ மட்டும் போ. மத்த தறியெல்லாம் நின்னே இருக்கட்டும்" என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் ராமராஜன் தோளில் உட்கார்ந்தபடி குழலி வந்தாள். கையில் பொரிப் பொட்டலம். மஹா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏன்டி பேசல?"

"பேசிக்கினேதான் இருந்தேன். நீதான் விடாம பேசின."

மாமா சிரித்தார். "மஹா, இப்ப தறிய ஓட்டலாமா?"

"ஓட்டலாம் மாமா."

"மோர் தீந்துபோச்சுப்பா" என்றது செட்.

குழலி ஒரு வாய் பொரியை மென்றபடி தன் வாக்கி-டாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, அவ்ளோ தரம் உன்ன கூப்பிட்டேனே. உனக்கு வரலன்னா, அதெல்லாம் எங்க போச்சு?"