விடைகொடுக்காத வாசல்

அன்று காலை ரியோஹெய்யின் குரல் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. கியோட்டோவின் மழை ஓட்டின் மேல் ஓயாமல் பெய்துகொண்டிருக்க, அடுப்பில் மிசோ சூப் கொதித்துக்கொண்டிருக்க, வாசல் நடையிலிருந்து ஷூவுக்குள் குதிகால் நுழையும் உரசலும், அதன் பின்னால் கிணற்றின் அடியிலிருந்து இழுத்துவந்ததுபோல் அந்தச் சொல்லும் கேட்டன.

"போயிட்டு... வரே..."

சொன்னவன் செத்து, அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது.

அந்த ஊர் வழக்கப்படி, கிளம்புகிறவர் அப்படிச் சொன்னால், வீட்டில் இருப்பவர் "போயிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அவன் செத்த அன்றைக்கு ஏதோ அற்பச் சண்டை. அவன் மனைவி ஷிசுனோ வாயைத் திறக்கவில்லை. மதியத்துக்குள் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான்.

இப்போதும் தினம் காலையில் அந்தக் குரல் வரும்போது அவள் பதில் சொல்வதில்லை. சொன்னால் போய்விடுவான். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே ஆய்வகத்தில் கருந்துளைக் கணக்குப் போட்டவர்கள். உள்ளே விழுகிறவனின் குரல் வெளியே நிற்பவளுக்கு நீண்டுகொண்டே போகும், முடியவே முடியாது. முடியாமலே இருக்கட்டும், இந்தப் பாவி மனசுக்கு அது போதும்.

ஆனால் சில நாளாக நடையில் ஒரு தீய்ந்த வாடை. சூப் இல்லை. ஒயரும் இல்லை.

பகல் சாப்பாட்டின்போது உடன் வேலை பார்க்கும் குராத்தாவிடம் கேட்டாள். "விழறவனுக்கு வலிக்குமா, குராத்தா சான்?"

"கருந்துளையோட விளிம்பைத் தாண்டும்போதா? ஒண்ணுமே தெரியாது. அவனுக்கு அது வெறும் வெற்றிடம்." நூடுல்ஸை உறிஞ்சியபடி சிரித்தான். "பாடம் எடுக்கிற ஆளுக்கே மறந்துபோச்சா?"

"விழாம விளிம்புலயே நின்னா?"

"தானா எப்படி நிப்பான்? வெளியேருந்து யாராவது புடிச்சு நிறுத்தணும். அப்ப அதே வெற்றிடம் அவனுக்கு நெருப்பு. கிட்டப் போகப் போக இன்னும் சூடு. யாரைப் புடிச்சு வெச்சிருக்கீங்க, ஷிசுனோ சான்?"

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை நடையிலேயே போய் நின்றாள், "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று. மழை. உரசல். வாடை.

"போ... யி..."

இந்த முறை ஆளும் இருந்தான். திரும்பிப் பார்த்தான்.

இமைகள் கருகியிருந்தன. கன்னத்துத் தோலின் ஓரம் கனன்று சுருண்டது. கத்தவில்லை. காத்திருந்தான்.

இரண்டே சொல். தொண்டைவரை வந்தது.

அந்த முகம். அதைப் பார்த்துத்தான் எத்தனை நாள். சொன்னால் இனி இல்லை.

நாளைக்கு. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஷிசுனோ உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். கனல் கன்னத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் ஏறியது. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.